'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்': பியானோ கொடுத்ததும் கிட்டார் வாங்கியதும்

இங்கிலாந்தின் ஜெனிசிஸ் குழு 1973-இல் 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. அதிலுள்ள 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' ஒன்பதரை நிமிடப் பாட்டு. ஸ்காட்லாந்தின் ஃபர்த் ஆஃப் ஃபோர்த் என்ற ஆற்றுக் கழிமுகத்தின் பெயரை வைத்துச் செய்த சிலேடை அது. இந்தப் பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே ரசிகர்கள் ஸ்டீவ் ஹாக்கெட்டின் கிட்டாரைத்தான் சொல்வார்கள். அருமைதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்தக் கிட்டார் பாடும் மெட்டு கீபோர்டுக்காரர் டோனி பாங்க்ஸ் ஆக்கியது. கணக்குப் பார்த்தால் இது கீபோர்டின் பாட்டு என்பதே என் கட்சி.

நம் பிள்ளைகள் வகுப்புக்குத் தூக்கிப் போகிற கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் பியானோ, இன்னொன்றை அழுத்தினால் ஆர்கன். அன்று அப்படியில்லை, ஒவ்வொரு நாதத்துக்கும் ஒரு தனிக் கருவி. மெல்லோட்ரான் என்று ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ஒலிநாடாத் துண்டு. சுமார் எட்டு விநாடி ஓடும், பிறகு நின்றுவிடும். எந்த இடத்துக்கு எந்தக் கருவி என்று முடிவு செய்வதிலேயே பாதி வித்தை இருக்கிறது.

தொடக்கத்தில் தனிப் பியானோ, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். கடைக் கணக்கு எழுதிய கையாயிற்றே, விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். 13, 15 என்று ஒற்றைப்படையில் மாறி மாறி வருகிறது. ஆனால் கேட்கும்போது கணக்கே தெரியாது, தண்ணீர் ஓடுகிற மாதிரி இருக்கும். அதுதான் பெரிய விஷயம். சட்டென்று அது நின்று, ஹேமண்ட் ஆர்கன் கனமாக இறங்க, பாட்டு ஆரம்பிக்கிறது.

நடுவில் பீட்டர் கேப்ரியலின் புல்லாங்குழல் ஒரு சோக மெட்டை மெதுவாக வாசிக்கிறது. பியானோ கூடவே நடக்கிறது. அப்புறம்தான் அந்த முதல் பியானோப் பகுதி திரும்பி வருகிறது. இப்போது அதைப் பாடுவது சிந்தசைசர். ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே எழுப்பும் கருவி. ஆகவே மற்ற பாரத்தை டிரம்ஸும் பேஸும் சுமக்கின்றன. தனியாளாகப் போனவன் ஊரையே கூட்டிக்கொண்டு வந்ததுபோல! அதன் பிறகே கிட்டார், புல்லாங்குழலின் சோக மெட்டை எடுத்து நீட்டி அழுகிறது. அடியில் மெல்லோட்ரான் பாய் விரித்தாற்போல் பரவி நிற்கிறது. அதை நீக்கிவிட்டுக் கேட்டால் கிட்டார் இவ்வளவு உயரம் ஏறியிருக்குமா?

1977-இல் வந்த 'செகண்ட்ஸ் அவுட்' மேடைப் பதிவில் அந்தத் தொடக்கப் பியானோவே இல்லை, நேரே பாட்டுதான். காரணம் இருக்கலாம்: பாங்க்ஸ் மேடைக்குக் கொண்டுபோன மின்பியானோ, விரல் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே அளவு ஒலிதான் கொடுக்கும். அதில் அந்த ஓட்டம் உயிரிழந்துபோகும். இருந்தாலும் எனக்கு அது பெரிய நஷ்டமாகவே படுகிறது. முதலில் வராத ஒன்று நடுவில் எப்படித் திரும்பி வரும்? சிந்தசைசர் பகுதி அங்கே வெறும் வேக விளையாட்டாக நின்றுவிடுகிறது. கேட்க விரும்புபவர்கள் 1973 பதிவை முதலில் கேளுங்க. கடைசியில் பாடல் அடங்கியதும் பியானோ மட்டும் கொஞ்ச நேரம் ஓடித் தேய்ந்து மறையும், அதற்குள் அணைத்துவிடாதீர்கள்.