குதிரையின் காதைப் பாருங்கள்

2023 செப்டம்பர் 26 அன்று சீனாவின் ஹாங்சோ நகரில் இந்தியக் குதிரையேற்ற அணி ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்றது. 1982 டெல்லிப் போட்டிக்குப் பிறகு, 41 ஆண்டுகள் கழித்துக் குதிரையேற்றத்தில் கிடைத்த தங்கம் அது. அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா என்ற நான்கு பெயர்களும் மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் இருந்தன. எட்ரோ, கெம்எக்ஸ்புரோ எமரால்டு, அட்ரினலின் ஃபிர்ஃபோட், சின்ஸ்கி என்ற மற்ற நான்கு பெயர்களைத் தேடிப் படித்தவர்கள் குறைவு. அவை குதிரைகளின் பெயர்கள்.

அவர்கள் வென்ற பிரிவுக்கு டிரெஸ்ஸாஜ் என்று பெயர். இதில் ஓட்டப் பந்தயமும் இல்லை, தடை தாண்டலும் இல்லை. மணல் பரப்பிய ஒரு திடலுக்குள் குதிரை நடக்கிறது, ஓடுகிறது, சாய்வாக நகர்கிறது, நின்ற இடத்தில் கால் மாற்றித் துள்ளுகிறது. மேலே கோட்டு அணிந்த ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். முதல்முறை தொலைக்காட்சியில் பார்ப்பவர், “எல்லாத்தையும் குதிரைதானே செய்யுது, இவருக்கு எதுக்கு மெடல்?” என்று கேட்பார். அப்படிக் கேட்க வைப்பதற்காகத்தான் அந்த வீரர் பல வருடம் உழைத்திருக்கிறார். தான் ஒன்றுமே செய்யாததுபோலத் தெரிய வேண்டும் என்பதுதான் இந்த விளையாட்டின் இலக்கு.

அப்படியானால் ரசிகர் எதைப் பார்ப்பது?

முதலில் திடல்

ஒலிம்பிக் அளவிலான டிரெஸ்ஸாஜ் திடல் 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். சுற்றிலும் ஆங்கில எழுத்துப் பலகைகள் நிற்கும். எந்த எழுத்தருகே எந்த அசைவு தொடங்க வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்ட ஒன்று. வீரரின் உடல் அந்த எழுத்தைக் கடக்கும் கணத்தில் அசைவு தொடங்கியிருக்க வேண்டும். ஒலிம்பிக்கில் ஏழு நடுவர்கள் திடலைச் சுற்றி வெவ்வேறு இடங்களில் அமர்ந்து, ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவார்கள். அரை மதிப்பெண்ணும் உண்டு. எல்லாம் சேர்ந்து கடைசியில் சதவீதமாக வரும்.

குதிரையோடு வாய்விட்டுப் பேசுவதற்கும் நாக்கைச் சொடுக்குவதற்கும் மதிப்பெண் குறையும். ஆகவே வீரர் சொல்ல நினைப்பதையெல்லாம் இடுப்பாலும் தொடையாலும் குதிகாலாலும் விரல்களாலும்தான் சொல்லியாக வேண்டும்.

பிறகு காது, வாய், வால்

வீரரைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டுக் குதிரையின் காதைக் கவனியுங்கள். குதிரையின் இரண்டு காதுகளும் தனித்தனியாகத் திரும்பக்கூடியவை. அதன் கவனம் எங்கே இருக்கிறது என்பதைக் காதே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு காது முன்னோக்கியும் மற்றது மேலே இருப்பவரை நோக்கிப் பின்னாலும் சற்றே தளர்ந்து அசைந்துகொண்டிருந்தால், அது கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டும் பிடரியோடு ஒட்டிப் படிந்துவிட்டால் எரிச்சலோ வலியோ இருக்கிறது. இரண்டும் விறைத்துக் கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டால், வீரர் சொல்வது அதன் மண்டையில் ஏறவில்லை.

அடுத்து வாய். கடிவாள இரும்பை மென்று, உதட்டோரம் வெள்ளை நுரை கட்டியிருப்பது பொதுவாக நல்ல அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது. வாயைப் பிளப்பதும் நாக்கை வெளியே தொங்கவிடுவதும் நல்லதல்ல. வால் முதுகெலும்பின் அசைவோடு சேர்ந்து மெல்ல ஊசலாட வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் சுளீரென்று வீசியடித்தால் எங்கோ இறுக்கம். கழுத்தைப் பாருங்கள்: நெற்றியிலிருந்து மூக்கு வரையிலான கோடு தரைக்குச் செங்குத்தாகவோ அதற்குச் சற்று முன்னாலோ இருக்க வேண்டும். மூக்கு மார்பை நோக்கி மடிந்து கிடந்தால், பார்க்க எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் அது பிடித்து இழுக்கப்பட்ட கழுத்து.

இந்த நான்கையும் பார்க்கப் பழகிவிட்டால், மதிப்பெண் திரையில் வருவதற்கு முன்பே இந்த ஜோடி இன்று எப்படி என்பது பிடிபட்டுவிடும்.

காலுக்குத் தாளம் போடுங்கள்

கச்சேரியில் தொடையில் தாளம் தட்டும் ரசிகரைப் போல, குளம்புகளை எண்ணிப் பாருங்கள். வாக் என்ற நடைக்கு நான்கு அடி; ஒவ்வொரு காலும் தனித்தனியே பதியும். ட்ராட்டுக்கு இரண்டு, மூலைவிட்டமாக இருக்கும் முன்காலும் பின்காலும் சேர்ந்து பதியும், நடுவே ஒரு கணம் நான்கு கால்களும் தரையில் இருக்காது. கேன்டருக்கு மூன்று அடி, அதன்பின் ஒரு மிதப்பு. எந்தக் கடினமான அசைவு வந்தாலும் இந்தக் கணக்கு கலையக் கூடாது.

உச்சக்கட்டமான கிராண்ட் பிரீ பிரிவில் மூன்று அசைவுகளுக்காகக் காத்திருக்கலாம். பியாஃப் என்பது நின்ற இடத்திலேயே ட்ராட் செய்வது. பின்னங்கால்கள் உடலுக்கு அடியில் மடங்கி எடையைத் தாங்க, முன்பக்கம் லேசாக எழும். 12 முதல் 15 அடி வரை இப்படிச் செய்ய வேண்டும். குதிரை முன்னே நழுவினாலும், இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டினாலும், ஒரு கால் தரையை விட்டுக் கிளம்ப மறுத்தாலும் மதிப்பெண் போய்விடும். இரண்டாவது பஸாஜ், காற்றில் ஒரு கணம் நிறுத்திவைத்து இறக்கியதுபோன்ற மெதுவான, உயர்ந்த ட்ராட். மூன்றாவது கேன்டரில் கால் மாற்றுவது. கேன்டரில் எப்போதும் ஒரு பக்கத்துக் கால்கள் முந்தும்; மிதக்கும் அந்த ஒரு கணத்துக்குள் அதை மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும். கிராண்ட் பிரீயில் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒன்றாக, தொடர்ந்து 15 முறை மாற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வீரரின் காலிலிருந்து தனிக் குறிப்பு போகிறது. அந்தக் காலைத் தேடிப் பாருங்கள். பெரிய வீரர்களிடம் அது கண்ணில் படவே படாது.

இவற்றைவிட அனுபவசாலிகள் உற்றுப் பார்ப்பது வாக்கை. சாதாரண நடைதானே என்று புதியவர்கள் அந்த நேரத்தில் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். ஆனால் பியாஃபுக்காக உடம்பெல்லாம் முறுக்கேறி நிற்கும் குதிரை, அடுத்த நிமிடமே கழுத்தை நீட்டித் தளர்ந்து நடக்க வேண்டும். மனம் அமைதியாக இல்லாத குதிரையால் அது முடியாது. இந்த நடைக்கு மதிப்பெண் இரட்டிப்பாக எண்ணப்படுவதும் காரணமில்லாமல் இல்லை.

உடம்பின் வழியாக ஒரு பேச்சு

வீரர் எதுவும் செய்யாததுபோல் இருந்தும் குதிரைக்கு எப்படிப் புரிகிறது? இதற்கான தடயம் பெர்லினில் கிடைத்தது. 1900களின் தொடக்கத்தில் அங்கே ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாகப் புகழ் பெற்றது. கூட்டல் கேட்டால் சரியான எண்ணிக்கையில் குளம்பால் தட்டும். அதன் உரிமையாளர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் ஏமாற்றுக்காரர் அல்லர். உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் சோதித்தபோது உண்மை வெளிவந்தது. கேட்பவருக்கே விடை தெரியாவிட்டாலோ, அவர் குதிரையின் கண்ணுக்கு மறைந்துவிட்டாலோ ஹான்ஸ் தோற்றது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் நூலிழை நிமிரும்; அதைப் பார்த்து அது தட்டுவதை நிறுத்திக்கொண்டிருந்தது. கணக்குத் தெரியாத குதிரைதான், ஆனால் மனிதர்கள் தங்களிடமே மறைத்துவைத்த அசைவை அது படித்தது.

ஸ்வீடனில் 2009இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போனது. குதிரையோடு நடந்தும் ஏறியும் சென்றவர்களிடம், இந்த முறை ஒருவர் குடையைத் திடீரென விரிப்பார் என்று சொல்லப்பட்டது. குடையை யாரும் விரிக்கவே இல்லை. ஆனாலும் மனிதரின் இதயத்துடிப்பு கூடியது. குதிரையின் இதயத்துடிப்பும் கூடவே ஏறியது.

இந்தப் பேச்சு எவ்வளவு நுணுக்கமாக இருக்க முடியும் என்பதற்கு டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் சாட்சி. 1944இல், 23 வயதில், கர்ப்பமாக இருந்தபோது போலியோ அவரைத் தாக்கியது. மறுபடி உடலைப் பழக்கி எழுந்தாலும் முழங்காலுக்குக் கீழே செயல் திரும்பவில்லை. குதிரையேறுபவருக்குக் கணுக்காலும் குதிகாலும் இல்லை என்றால் பாதி மொழி போய்விட்டது என்று அர்த்தம். அவர் எடையையும் முதுகையும் கொண்டு பேசக் கற்றார். ஜூபிலி என்ற பெட்டைக் குதிரை அந்தப் புது மொழியைக் கற்றது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாக ராணுவ அதிகாரிகளல்லாதவர்களும் பெண்களும் டிரெஸ்ஸாஜில் அனுமதிக்கப்பட்டார்கள். ஏறவும் இறங்கவும் பிறர் உதவி தேவைப்பட்ட ஹார்டெல், ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வென்றார். 1956இலும் வெள்ளி.

பழக்கமே இல்லாத ஜோடி எப்படி இருக்கும் என்பதை டோக்கியோ ஒலிம்பிக் காட்டியது. குதிரையில் தடை தாண்டுவதும் அடங்கியிருந்த நவீன பென்டத்லானில் வீரருக்குக் குதிரை குலுக்கலில் கிடைத்தது; பழகிக்கொள்ள 20 நிமிடம்தான். ஜெர்மனியின் அன்னிகா ஷ்லாய் தங்கத்துக்கு முதலிடத்தில் இருந்தார். அவருக்கு வாய்த்த செயின்ட் பாய் என்ற குதிரை தடையை நோக்கி நகர மறுத்தது. அவர் கண்ணீரோடு சவுக்கை ஓங்கினார். பயிற்சியாளர் குதிரையைக் குத்தியதால் வெளியேற்றப்பட்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு அந்த விளையாட்டிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்பட்டது.

உச்சமும் வெளியேறலும்

இசையோடு ஆடும் ஃப்ரீஸ்டைல் பிரிவு 1996 அட்லான்டா ஒலிம்பிக்கில் சேர்ந்தது. புதிய ரசிகர் தொடங்க வேண்டிய இடம் இதுதான். குதிரை இசைக்கு ஆடுவதில்லை. அதன் குளம்படி வேகத்தை அளந்து, அதற்கேற்ப இசை அமைக்கப்படுகிறது. 2012 லண்டனில் பிரிட்டனின் ஷார்லட் டூஜார்டினும் வலேக்ரோ என்ற குதிரையும் பிக் பென் மணியோசை கலந்த இசைக்கு 90.089 சதவீதம் எடுத்துத் தங்கம் வென்றனர். 2014 டிசம்பரில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் அதே ஜோடி 94.300 தொட்டது. அந்த ஆட்டத்தில் அதிசயிக்க வேண்டியது உயரமான கால் வீச்சல்ல. ஓர் அசைவு முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் எது என்றே கண்டுபிடிக்க முடியாதபடி இழைந்து போவதுதான் அதிசயம்.

2012இல் வெள்ளி வென்ற நெதர்லாந்தின் அடெலிண்டே கொர்னெலிசெனுக்கும் பார்சிவலுக்கும் வேறு கதை. 2010 உலகப் போட்டியில் பார்சிவலின் வாயில் ரத்தம் தெரிந்ததும் நடுவர் மணியடித்தார். குதிரை நாக்கைக் கடித்துவிட்டிருந்தது, ஆட்டம் அதோடு முடிந்தது. 2016 ரியோவில் குதிரைக்குக் காய்ச்சல் வந்து முகம் வீங்கியது. பூச்சிக்கடி என்று சந்தேகம். காய்ச்சல் தணிந்து திடலில் இறங்கியபோதும், மேலே உட்கார்ந்தவருக்கு அது சரியில்லை என்று தெரிந்துவிட்டது. பாதியிலேயே நடுவர்களுக்கு வணக்கம் சொல்லி வெளியே போனார். 19 வயதுக் குதிரையோடு அவர் ஆடிய கடைசி ஒலிம்பிக் அது.

இந்த விளையாட்டின் இருட்டான பக்கத்தையும் ரசிகர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சில நாட்களுக்கு முன், பழைய பயிற்சி வகுப்பொன்றில் டூஜார்டின் நீண்ட சவுக்கால் ஒரு குதிரையின் கால்களில் திரும்பத் திரும்ப அடிக்கும் காணொலி வெளியானது. அவரே ஒப்புக்கொண்டு விலகினார். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு ஓராண்டு தடை விதித்தது. 94.300 எடுத்தவரின் கையிலும் சவுக்கு இருந்தது என்பதை மறைத்துவிட்டு இந்த விளையாட்டை ரசிப்பதில் அர்த்தமில்லை. மூக்குவாரை இறுக்கிக் கட்டி வாயைத் திறக்கவிடாமல் செய்யும் வழக்கத்துக்கு எதிராக, 2025 முதல் கூட்டமைப்பு அளவுகருவியைக் கொண்டு சோதிக்கிறது. பார்வையாளர்களின் கேள்விகள் பெருகியதும் இத்தகைய விதிகளுக்கு ஒரு காரணம்.

ஆகவே, தொடங்க நினைப்பவருக்கு ஒரு யோசனை. இணையத்தில் வலேக்ரோவின் 2014 ஒலிம்பியா ஆட்டத்தைத் தேடி எடுங்கள். ஒலியை அணைத்துவிட்டு, குதிரையின் காது, வாய், வாலை மட்டும் பார்த்து முடியுங்கள். பிறகு ஒலியோடு, வீரரின் கால் எங்கே அசைகிறது என்று தேடியபடி இன்னொரு முறை. கடைசியாக, 2024 பாரிஸில் அனுஷ் அகர்வாலாவும் சர் கேரமெல்லோவும் எடுத்த 66.444 சதவீத ஆட்டத்தைப் பாருங்கள். ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜில் இந்தியாவின் முதல் ஆட்டம் அது. இரண்டுக்கும் இடையே எங்கெல்லாம் மதிப்பெண் நழுவியது என்பதை நீங்களே சொல்ல முடிந்தால், அடுத்த ஆசியப் போட்டியில் யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது.