நந்தனாரின் ‘நாளை’: தள்ளிப்போட்டது யார்?

நந்தனார் கதையின் ஆன்மிகச் செய்தி என்ன என்று கேள்வி வந்தால், “உண்மையான பக்தி வெல்லும்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். தப்பில்லை, ஆனால் அது மட்டும் போதாது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்க.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், ஆதனூர் நந்தனார் தம் பிறப்பை எண்ணித் தாமே தயங்குகிறார். சிதம்பரப் பயணம் நாளை, நாளை என்று தள்ளிப்போகிறது. திருநாளைப்போவார் என்ற பெயரும் அதனால் வந்ததுதான். அங்கே வேதியர் என்ற பண்ணையார் கிடையாது. அவரைக் கதைக்குள் கொண்டுவந்தவர் பாரதியார். 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய இந்நூலில், நந்தன் தில்லைக்குப் போக உத்தரவு கேட்கிறான். எஜமான் மறுக்கிறார், ஏசுகிறார், பயிர்வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். மனசுக்குள் இருந்த தடை இப்போது வயலிலும் வந்து நிற்கிறது.

இசை வடிவமும் இதற்கு உதவுகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1723 முதல் தேவாலய இசைப் பொறுப்பிலிருந்த பாக், ஞாயிறு வழிபாடுகளுக்குக் கண்டாட்டாக்கள் இயற்றினார். அவற்றில் பேச்சுபோல் ஓடும் பகுதி செய்தியைச் சொல்லும். தனிப்பாடல் ஓரிடத்தில் நின்று மனதைத் திறக்கும். சபையாருக்குப் பழகிய மெட்டும் வரும். பாரதியாரிடம் விருத்தம், கீர்த்தனை, ஊராருக்குப் பழகிய நொண்டிச்சிந்து எல்லாம் கலந்து வருகின்றன. கீர்த்தனையில் பல்லவி திரும்பத் திரும்ப வரும், இல்லையா? நந்தனின் வேண்டுகோளும் அப்படித்தான், ஒவ்வொரு முறையும் அதே வாசலில் வந்து நிற்கிறது.

ரிங்லெட், தானா ராத்தா பக்கத்து மாணவர்களுக்கு இது சட்டென்று புரியும். போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கிய காலம் முதல், கேமரன் மலையில் கொழுந்து பறித்த தலைமுறைகளுக்குப் பெரட்டும் கிராணியும் புதிதல்ல. சாமி கும்பிடப் போகவும் ஒருவரிடம் லீவு கேட்டு நிற்பது எப்படி இருக்கும் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

நூலில் குறையும் உண்டு. ஒரே இரவில் பயிர் விளைந்ததைக் கண்டு வேதியர் திருந்திவிடுகிறார். ஆனால் கோயில் வாசல் மாறவில்லை. நந்தன்தான் தீயில் இறங்கி, வேறு உருவில் எழ வேண்டியிருக்கிறது. எஜமானின் மனசை மாற்றிய கதை, வாசலை ஏன் மாற்றவில்லை? சேக்கிழார் தந்த முடிவைப் பாரதியார் மீறவில்லை என்பது ஒரு பதில். அந்தப் பதிலோடு மனம் அமைதியடையாமல் இருப்பதும் நல்ல வாசிப்புதான்.

தேர்வு எழுதும் மாணவர்களே, பக்தி வென்றது என்று எழுதுங்கள். அதற்கு அடுத்த வரியில், அது யாரிடம் உத்தரவு கேட்டு நின்றது, வெல்ல என்ன விலை கொடுத்தது என்பதையும் எழுதுங்கள்.