கல்லை அளக்காத குறியீடு

அமெரிக்காவில் சிறுநீர்க்குழாய் வழியாக எண்டோஸ்கோப்பை ஏற்றி, கல்லை லேசரால் உடைத்து, ஸ்டென்ட் என்ற தற்காலிகக் குழாயை வைத்து அனுப்பினால் பில்லில் ஏறும் எண் 52356. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சி.பி.டி. தொகுப்பில் 2014இல் சேர்ந்த குறியீடு இது. அதற்கு முன் கல்லை உடைத்ததற்கு 52353, ஸ்டென்ட்டுக்கு 52332 என்று ஒரே அறுவைக்கு இரண்டு எண்கள் போட்டார்கள்.

இரண்டையும் இணைத்தது சரியான காரியம். ஸ்டென்ட்டை மட்டும் வைத்தால் மருத்துவரின் உழைப்புக்கு அரசின் மெடிக்கேர் காப்பீடு தந்த மதிப்பு 2.82 அலகு. இணைந்த குறியீட்டில் அதனால் கூடியது அரை அலகுதான்: கல்லை உடைப்பதற்கு மட்டுமான 7.50 என்பது 8.00 ஆனது. கருவி ஏற்கெனவே உள்ளே இருக்கையில் கூடுதல் வேலை அவ்வளவே. சிக்கலில்லாத சிகிச்சைக்குப் பின் ஸ்டென்ட்டைத் தவிர்க்கலாம் என்பது அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல். அடிக்கடி முட்டும் சிறுநீரையும் விலாவைப் பிடித்திழுக்கும் வலியையும் தாங்குபவர் நோயாளி. அவர் உடம்பில் தேவையின்றி ஒரு குழாயை விடுவதற்குக் கட்டணம் தூண்டுதலாக இருக்கவே கூடாது.

ஆனால் பெரிய குறை அப்படியே நிற்கிறது. சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதியில் சிக்கிய 6 மி.மீ. கல் சட்டென்று முடிந்துவிடும். சிறுநீரகத்தின் கீழ் அறையில் கிடக்கும் 18 மி.மீ. கல் அப்படியல்ல, வளையும் கருவியைத் திருப்பிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூளாக்கி, துண்டுகளைக் கூடையால் வாரியெடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண், ஒரே மதிப்பு. இத்தனைக்கும் அதே தொகுப்பு சிறுநீர்ப்பைக் கல்லை 2.5 செ.மீ. எல்லை வைத்துப் பிரிக்கிறது. முதுகுவழித் துளையிட்டு எடுக்கும் கல்லுக்கு எல்லை 2 செ.மீ.; 2023 திருத்தத்தில் கிளைவிட்ட கல், பல இடங்களில் உள்ள கல் என்ற வேறுபாடுகளும் சேர்ந்தன.

சிறியதும் பெரியதும் சராசரியில் சரியாகிவிடும் என்பார்கள். கடினமான கற்களே அனுப்பிவைக்கப்படும் மருத்துவமனைக்கு அந்தச் சராசரி வாய்க்காது. அதிக உழைப்பைக் காட்ட 22 என்ற ஒட்டு எண் உண்டு. ஆனால் அதை இன்சூரன்ஸ் ஏற்க வேண்டும். மீதிக் கல்லுக்கு இன்னொரு நாள் அறுவை செய்தாலோ, முழுக் கட்டணமும் மறுபடி கிடைக்கும். கிருமித்தொற்று பயத்தால் பாதியில் நிறுத்துவது பல வேளைகளில் நல்ல மருத்துவம்தான். அந்த முடிவில் பணத்தின் நிழல் விழக் கூடாது.

2014 இணைப்பு நீடிக்கட்டும். 52356ஐக் கல்லின் அளவும் இடமும் பார்த்து இரண்டாகப் பிரித்தே ஆகவேண்டும். அதற்குத் தேவையான அளவு, அறுவைக்கு முன்பே சி.டி. ஸ்கேன் அறிக்கையில் இருக்கிறது.