ஆக்கியோன் பெயரற்ற அட்டவணை: சிடிடிபி, ஃப்ரீடிபி தரவுத்தளங்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இணையத்தின் தொடக்கக் காலத்தில் இசைக் குறுந்தகடுகளுக்கெனப் பயனர்களே உருவாக்கிய சிடிடிபி என்னும் தரவுத்தளத்தையும், அதன் வழித்தோன்றலான ஃப்ரீடிபியையும் இக்கட்டுரை பனுவல்களாகக் கொண்டு வாசிக்கிறது. இவற்றின் மறைவு சேவை நிறுத்தப்பட்ட நாளில் மட்டும் நிகழ்ந்ததன்று. பாடலை ஆக்கியோர்க்கும் பதிவை ஆக்கியோர்க்கும் இடந்தராத பதிவமைப்பிலேயே அது தொடங்கிவிட்டது என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: தரவுத்தளம், குறுந்தகடு, பதிவமைப்பு, பாடலாசிரியர், பரிபாடல், அடிக்குறிப்பு

முன்னுரை

மறைந்துபோன இணையத்தளங்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இரங்கற் குறிப்புகளாகவே அமைகின்றன. 2009இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது, 2017இல் தன்னார்வலர் தொகுத்த டிமோஸ் என்னும் இணைய அடைவு நிறுத்தப்பட்டது என ஆண்டுகளை அடுக்கி, இழந்தவற்றின் அளவைச் சொல்லி முடிப்பது இவ்வெழுத்தின் வழக்கம். இவ்வணுகுமுறையில் ஒரு குறை உண்டு. இருந்த காலத்தில் அத்தரவுத்தளம் எதனைக் கொள்ள இயன்றது, எதனைக் கொள்ள இயலாது போயிற்று என்னும் வினாவை அது எழுப்புவதில்லை. சிடிடிபியின் வரலாறு அவ்வினாவுக்கு மிகவும் இடந்தரும் ஒன்று.

பெயரற்ற தகடு

1982இல் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தகட்டில் இசை இருந்தது, பெயர் இல்லை. எத்தனை தடங்கள், ஒவ்வொன்றும் எவ்விடத்தில் தொடங்குகிறது என்னும் உள்ளடக்க அட்டவணை மட்டுமே தகட்டில் எழுதப்பட்டிருந்தது. ஒரு நொடியை 75 சட்டகங்களாகப் பகுத்து அத்தொடக்கங்கள் குறிக்கப்பட்டன. பாடலின் பெயர், பாடியவர் பெயர் ஆகியன உறையில் அச்சிட்ட தாளோடு நின்றுவிட்டன. தகட்டிலேயே பெயர்களைப் பொதியும் சிடி-டெக்ஸ்ட் முறை 1996இல் வந்தும் பரவலாகவில்லை.

யூனிக்ஸ் கணினிகளுக்காக எக்ஸ்எம்சிடி என்னும் இசை இயக்கியை எழுதிய டி கான், 1993ஆம் ஆண்டளவில் இக்குறைக்கு ஒரு வழி கண்டார். தடங்களின் தொடக்க நேரங்களைக் கொண்டே தகட்டை அடையாளங்காண்பதே அவ்வழி. ஒவ்வொரு தடமும் தொடங்கும் நொடியின் இலக்கங்களைக் கூட்டி, அக்கூட்டுத்தொகையை 255ஆல் வகுத்த மீதி, தகட்டின் மொத்த நொடிகள், தடங்களின் எண்ணிக்கை. இம்மூன்றையும் கோத்தால் எட்டு இலக்கப் பதினறும எண் ஒன்று கிடைக்கும். அவ்வெண்ணே தகட்டின் அடையாளம். முதலில் மென்பொருளோடு கோப்புகளாக வழங்கப்பட்ட இப்பட்டியல், ஸ்டீவ் ஷெர்ஃப் முதலியோரின் முயற்சியால் இணைய வழங்கியில் ஏறியது. தகட்டை இட்டவர் கணினியில் பெயர்கள் தாமே தோன்றின. தோன்றாவிடில், அவரே உறையைப் பார்த்துத் தட்டச்சு செய்து அனுப்பினார். அடுத்தவர்க்கு அவை தோன்றின.

இசையை ஒரு சிறிதும் கேளாமல், கால இடைவெளிகளைக் கொண்டே ஒரு தகட்டை இன்னதெனச் சொல்லும் இம்முறை வியப்புக்குரியது. அதன் வலுவின்மையும் அதிலேயே உள்ளது. வெவ்வேறு தகடுகள் இரண்டுக்கு ஒரே எண் அமைதல் உண்டு; தடங்கள் குறைந்த தகடுகளில் இம்மோதல் எளிதில் நேரும். ஒரே பாடல்கள் வேறொரு நாட்டில் வேறு இடைவெளிகளோடு அச்சிடப்பட்டால், அது வேறு தகடாகவே கொள்ளப்படும்.

பதினொரு கோப்புறைகள்

சிடிடிபி தகடுகளைப் பதினொரு பகுப்புகளில் அடக்கியது: புளூஸ், செவ்வியல், கண்ட்ரி, தரவு, நாட்டாரிசை, ஜாஸ், பல்வகை, நியூ ஏஜ், ரெகே, ராக், திரையிசை. உலக இசையனைத்தையும் இப்பதினொன்றில் வகைப்படுத்த முனைந்த அறியாமை எனப் பலர் இதனை நகையாடியுள்ளனர். ஆயின் இவை இசைக்கொள்கை எதிலிருந்தும் பிறந்தவை அல்ல. கணினியில் கோப்புகளை இட்டுவைத்த கோப்புறைகளின் பெயர்களே. அமெரிக்காவிலேயே பெருகி ஒலித்த ஹிப்-ஹாப் இசைக்கும் இவற்றுள் தனியிடம் இல்லை.

இதனினும் கருதத்தக்கது வேறொன்று. ஒரு கோப்புறையில் ஓர் அடையாள எண்ணுக்கு ஒரு பதிவே இருக்கலாம். அவ்வெண்ணை வேறொரு தகடு முன்னரே பெற்றிருந்தால், புதிய பதிவை மற்றொரு பகுப்பில் இடவேண்டும் என்பதே நடைமுறை. எனவே ஒரு தகடு ‘ரெகே’ என்னும் பகுப்பில் இருப்பது, அது ரெகே இசை என்பதற்குச் சான்றாகாது. அவ்விடம் காலியாக இருந்தது என்பதற்கும் சான்றாகலாம். இப்பதிவுகளைக் கொண்டு இசை வகைகளின் பரவலைக் கணக்கிட முனைவோர் இதனை மறந்தால் முடிவுகள் பிழைபடும். பிற்காலத்தில் ஆண்டுக்கும் இசைவகைக்கும் தனிப் புலங்கள் சேர்ந்தன. எனினும் பழைய கோப்புறைகள் இறுதிவரை நீடித்தன.

சாய்கோட்டின் இருபுறம்

பதிவின் தலைமைப் புலம் தகட்டின் தலைப்பு. கலைஞர் பெயர், இடைவெளி, சாய்கோடு, இடைவெளி, தொகுப்பின் பெயர் என்பது அதற்கு வகுத்த மரபு. தடங்களுக்குத் தலைப்புப் புலங்கள் உண்டு. பலர் பாடிய தொகுப்பாயின் அவற்றிலும் சாய்கோட்டுக்கு முன் கலைஞர் பெயரை இடலாம். இவற்றின் வேறாகக் கூடுதற் குறிப்புக்கென விரிபுலங்கள் இருந்தன. அவற்றை நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒரு குழு, ஓர் இசைத்தொகுப்பு, அதனுள் பத்துப் பன்னிரண்டு தலைப்புகள் என்னும் ராக் இசைத்தகட்டின் வடிவமே இவ்வமைப்பின் உள்ளுறை. மேலை நாட்டுச் செவ்வியல் இசையே இதில் இடர்ப்பட்டது. இசையை ஆக்கியவரைக் கலைஞர் எனக் கொள்வதா, இசைக்குழுவைக் கொள்வதா, நடத்துநரைக் கொள்வதா? பதிவு செய்தோர் ஆளுக்கொரு விடை கண்டனர். ஆகவே இதனைக் கீழை, மேலை என்னும் முரணாகச் சுருக்குதல் பொருந்தாது.

தமிழ்த் திரையிசைத் தகடு இவ்வமைப்புக்குள் புகும்போது நேர்வன தனித்து நோக்கத்தக்கவை. திரைப்பாடலுக்கு இசையமைப்பாளர் ஒருவர், பாடுவோர் ஒருவரோ பலரோ, பாடலாசிரியர் பிறிதொருவர். ‘கலைஞர்’ என்னும் ஒற்றைப் புலத்தில் இவருள் ஒருவரே அமர இயலும். இரண்டு, மூன்று படங்களின் பாடல்களை ஒரே தகட்டில் வெளியிடுதல் இங்குப் பெருவழக்கு. படப்பெயர்களைச் சாய்கோட்டால் பிரித்து எழுதினால், முதற்படத்தின் பெயரைக் கலைஞர் பெயரெனவே கணினி கொள்ளும். திரைப்பாடலுக்குப் பெரும்பாலும் தனித் தலைப்பும் இல்லை. பழைய பதிப்புகளின் பாட்டு முதற்குறிப்பு அகராதியைப் போல, தொடக்கச் சொற்களே அதன் பெயர். அச்சொற்கள் பாடலாசிரியருடையவை. அவர் எழுதிய சொற்கள் தலைப்புப் புலத்தில் நிற்க, எழுதிய கண்ணதாசனுக்கோ பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்துக்கோ கட்டாயப் புலம் எதிலும் இடமில்லை.

அச்சொற்களும் தமிழெழுத்தில் நிற்கவில்லை. தொடக்கத்தில் ஏற்கப்பட்டவை இலத்தீன் எழுத்துருக்கள் மட்டுமே. ஃப்ரீடிபியின் நெறிமுறை ஆறாம் நிலையை எட்டியபோதே யுடிஎஃப்-8 குறியேற்றம் ஏற்கப்பட்டது. ‘நிழல்கள்’ என்னும் ஒரு சொல்லை ரோமன் எழுத்தில் எழுதுவோர் ழகரத்தையும் ளகரத்தையும் எத்தனை வகையாக எழுதுவர் என்பதை நூலகப் பட்டியல்களோடு பழகியோர் அறிவர்.

அடிக்குறிப்பு மரபும் பதிவமைப்பும்

இவ்விடத்துப் பரிபாடலை நினைத்தல் தகும். அதன் கிடைத்த பாடல்களுள் பெரும்பாலானவற்றின் அடியில் மூன்று செய்திகள் தனித்தனியே தரப்பட்டுள்ளன: பாடியவர், இசை வகுத்தவர், பண். பெட்டனாகனார், மருத்துவன் நல்லச்சுதனார் முதலிய இசைவகுத்தோரை நாம் அறிவது இவ்வடிக்குறிப்புகளால்தான். சொல்லை ஆக்கியவரும் இசையை ஆக்கியவரும் வேறு என்பதைத் தொகுத்தோர் உணர்ந்து, இருவர்க்கும் தனித்தனி இடம் வகுத்துள்ளனர். இற்றைக் கலைச்சொல்லால் கூறின், அது மேல்தரவு. பெயர் தெரியாத நிலையிலும் அம்மரபு இடத்தை ஒழிக்கவில்லை. செம்புலப்பெயனீரார் போன்றோர்க்குப் பாடலின் தொடரையே பெயராக்கி அவ்விடத்தை நிரப்பியது. நூலுக்குரிய சிறப்புப்பாயிரம் சொல்லவேண்டிய செய்திகளுள் ஆக்கியோன் பெயரை முதலாவதாக நன்னூல் வைப்பதும் இதனோடு ஒத்த நோக்கே.

இவ்வொப்பீட்டால் பழமையைப் புகழ்வது நோக்கமன்று. அடிக்குறிப்புகளிலும் விடுபாடுகளும் ஐயங்களும் உண்டு. எனினும் அங்கே வெற்றிடம் வெற்றிடமாகவே தெரிகிறது. இன்னது கிடைக்கவில்லை எனப் பதிப்பாசிரியர் குறிக்க இயலும். சிடிடிபியில் பாடலாசிரியருக்கென ஓர் இடமே வகுக்கப்படாமையால், அவர் பெயர் இல்லாமை குறையாகவே தோன்றாது. எல்லாப் புலங்களும் நிரம்பிய, முழுமையான பதிவாகவே அது காட்சியளிக்கும்.

பதிந்தவர் எங்கே?

பதிவுக் கோப்பின் மேற்பகுதியில் குறிப்பு வரிகள் சில உள்ளன. தடங்களின் தொடக்க இடங்கள், தகட்டின் நீளம், திருத்த எண், எந்த மென்பொருள் வழியாக அனுப்பப்பட்டது என்னும் செய்தி ஆகியன அவை. மென்பொருளின் பெயரும் பதிப்பெண்ணும் காக்கப்பட்டன. தட்டச்சு செய்தவரின் பெயர் காக்கப்படவில்லை. திருத்த எண் ஐந்து என்றிருந்தால், ஐந்து முறை திருத்தப்பட்டது என அறியலாம். திருத்தியோர் யார், எதை மாற்றினர் என்பதற்கு விடையில்லை.

இதன் விளைவு பின்னர் வெளிப்பட்டது. 1998இல் சிடிடிபி எஸ்சியண்ட் என்னும் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 2000இல் கிரேஸ்நோட் எனப் பெயர் மாறியது. 2001 முதல் உரிமம் பெற்ற மென்பொருள்களுக்கே அதன் வழங்கிகள் விடையளித்தன. எண்ணற்றோர் ஊதியமின்றித் தட்டச்சு செய்தளித்த பட்டியல், உரிமம் பெற்ற மென்பொருளின்றி அவர்களே அணுக இயலாத உடைமையாயிற்று. பின்னர் அந்நிறுவனம் 2008இல் சோனிக்கும், 2014இல் டிரிப்யூனுக்கும், 2017இல் நீல்சனுக்கும் கைமாறியது. வழங்கிகளைப் பேணப் பணம் வேண்டும் என்னும் உரிமையாளர் தரப்பை முற்றிலும் தள்ளுதல் நேர்மையன்று. நாள்தோறும் பெருகிய வினவல்களைத் தன்னார்வத்தால் மட்டும் தாங்கியிருத்தல் அரிது. ஆயினும் தம் பங்களிப்பைச் சுட்டி ‘இது யான் எழுதியது’ என எவரும் முன்வர இயலாதவாறு பதிவமைப்பே அமைந்திருந்ததை மறுக்கவியலாது. பாடலாசிரியரை விட்டுவிட்ட அதே அமைப்பு பதிவாசிரியரையும் விட்டுவிட்டது. ஒன்று பண்பாட்டு இழப்பாயிற்று. மற்றொன்று உரிமை இழப்பாயிற்று.

இம்மூடலுக்கு எதிர்வினையாக இருவழிகள் தோன்றின. ஒன்று ஃப்ரீடிபி. முன்னரே பொது உரிமத்தில் வெளிவந்திருந்த வழங்கி மென்பொருளையும், தரவிறக்கிவைத்த பழைய பதிவுகளையும் கொண்டு அது எழுந்தது. பழைய அமைப்பை மாற்றாது ஏற்றமையால் பழைய குறைகளையும் ஏற்றது. மற்றொன்று மியூசிக்பிரெய்ன்ஸ். பாடல், பதிவொலி, வெளியீடு ஆகியவற்றை வேறுவேறு பொருள்களாகப் பிரித்து, பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர் எனத் தனித்தனி உறவுகளை அது காலப்போக்கில் வகுத்தது; ஒவ்வொரு திருத்தத்தையும் செய்தவரின் பயனர்பெயரோடு காக்கிறது. அது இன்றும் இயங்குகிறது. நிதி, நிர்வாகம் எனப் பிற காரணங்களும் இருக்கலாம். எனினும் பரிபாடலின் அடிக்குறிப்புக்கு அணுக்கமாக நிற்பது இவ்விரண்டனுள் இரண்டாவதே.

எஞ்சிய கோப்புகள்

2006இல் ஜெர்மனியின் மேஜிக்ஸ் நிறுவனத்திடம் சென்ற ஃப்ரீடிபி, 2020இல் நிறுத்தப்பட்டது. ஆயின் அதன் முழுத்தரவும் அவ்வப்போது சுருக்கப்பட்ட கோப்புகளாக எவரும் தரவிறக்கும் வகையில் வெளியிடப்பட்டிருந்தமையால் படிகள் எஞ்சின. குனூடிபி என்னும் சேவை அவற்றைக் கொண்டு தொடர்ந்தது. முகவரி மறைந்தது, பனுவல் மறையவில்லை. கிரேஸ்நோட்டில் இதற்கு நேர்மாறு: பனுவல் வளர்ந்தது, வாசிக்கும் உரிமை மறைந்தது. ‘மறைந்த தரவுத்தளம்’ என்னும் தொடர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

எஞ்சிய கோப்புகளிலுள்ள தமிழ்த் தகடுகளின் பதிவுகளைப் பிரித்தெடுத்து, சேகரிப்பாளர் கையிலுள்ள தகடுகளோடும் உறைத்தாள்களோடும் ஒப்பிடும் பணி செய்யத்தக்கது. ரோமன் எழுத்தில் உள்ள பெயர்களை நம்ப இயலாது. பகுப்பையும் நம்ப இயலாது. ஆனால் கணினியே தகட்டிலிருந்து நேரே படித்தெழுதிய தொடக்க இடங்கள் மனிதர் கைபடாதவை. இரு பதிவுகள் ஒரே அச்சைக் குறிப்பனவா, வேறு அச்சுகளைக் குறிப்பனவா என்பதை நொடியில் 75இல் ஒரு பங்கு நுட்பத்தோடு அவை காட்டும். அவ்வரிகளை முதலில் எடுத்துக்கொண்டு, தகட்டை இனங்கண்டபின், உறைத்தாள் பாடலாசிரியர் பெயரைத் தருமாயின் அதனை விரிபுலத்தில் சேர்க்கலாம். சேர்த்தவர் பெயரையும் அங்கேயே குறிக்கலாம்.