மியூசிக் யாரு?

நாகர்கோவிலில் என் வகுப்பில் ஒருநாள் மாயா அருள்பிரகாசத்தின் பாட்டைப் போட்டேன். எம்.ஐ.ஏ. என்றால் உலகத்துக்குத் தெரியும். பாட்டு முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "மியூசிக் யாரு மேடம்?" பாடியவரே அதிலும் இருந்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

2005இல் வந்த அவருடைய முதல் இசைத்தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப்பெயர், 'அருளர்'. 2007இல் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயர், 'கலா'. போருக்குத் தப்பிப் பிள்ளைகளோடு லண்டன் சேர்ந்து, தையல் வேலை செய்து அவர்களை வளர்த்த தாய். அதே ஆண்டில்தான், தன் இசைக்கான பெருமையை உடன் வேலை செய்த டிப்லோவுக்கே பத்திரிகைகள் எழுதிவைப்பதை மாயா வெளிப்படையாக மறுத்தார். அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் அந்த நியாயம் அவரோடு நின்றுவிடக் கூடாது. 'கலா'வில் உள்ள 'பேர்ட் ஃப்ளூ' பாட்டைத் தூக்கி நிறுத்துவது நம் உறுமி. அதை அடித்தவர்களின் பெயர்களை நான் வகுப்பில் சொல்லவில்லை, தேடவும் இல்லை. கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவள் நான். வீசுகோல் பிடித்தவர் பெயர் நினைவிருக்கிறது. குடம் அடித்தவர் பெயர் நினைவில்லை.

மாணவியின் கேள்வியில் பிழையில்லை. அதற்கு ஒரே ஒரு பெயரை, அதுவும் ஓர் ஆணின் பெயரை, பதிலாக எதிர்பார்க்கப் பழக்கிவிட்டோமே, அதுதான் பிழை.