கூரையில் எழுதிய துறவு

மங்களூர்ப் புனித ஞானப்பிரகாசியார் கல்லூரிச் சிற்றாலயத்தைப் பற்றி எழுதுவோர் பலரும் அதனை உரோமையின் சிஸ்டைன் சிற்றாலயத்தோடு ஒப்பிட்டு ஓய்ந்துவிடுகின்றனர். புகழ்ச்சிதான், ஆயினும் அது பார்ப்பவரின் கண்ணைக் கட்டிவிடுகிறது. மைக்கேலாஞ்சலோவைத் தேடிச் செல்பவர் இங்கே ஏமாறுவார். சிஸ்டைன், திருத்தந்தையரின் அரண்மனைக்குள் எழுந்த ஆலயம். இதுவோ பள்ளிச் சிறுவர்கள் முழந்தாளிட்டுச் செபிப்பதற்காக இயேசு சபையினர் 1880களில் கட்டிய ஆலயம். யாருக்காகத் தீட்டப்பட்டது என்பதை மறந்தால் இதன் ஓவியங்கள் நமக்குப் பிடிபடா.

தீட்டியவர் அந்தோனியோ மொஸ்கேனி என்னும் இயேசு சபைச் சகோதரர். வட இத்தாலியில் பெர்காமோ நகருக்கு அருகில் 1854இல் பிறந்தவர். அந்நகரின் கர்ராரா கலைக்கூடத்தில் பயின்றவர். 1889இல் சபையில் சேர்ந்தவர். 1899ஐ ஒட்டிய ஆண்டுகளில் இச்சிற்றாலயத்தின் சுவரையும் கூரையையும் ஏறத்தாழ இடைவெளியே இல்லாமல் நிரப்பினார். சுவர்களில் அவர் கையாண்டது ஈரச்சாந்து முறை. சுண்ணாம்புச் சாந்து காயுமுன் வண்ணத்தை ஏற்றிவிட வேண்டும். காய்ந்த பின் வண்ணமும் சுவரும் ஒன்றாகிவிடும். பிழை நேர்ந்தால் சாந்தைக் கொத்தி எடுப்பதைத் தவிர வழியில்லை. கூரைக்குக் கித்தான்மேல் எண்ணெய் வண்ணம். மேற்குக் கடற்கரையின் மழையும் உப்புக்காற்றும் இவ்விரண்டுக்கும் பகை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

புடைப்புச் சிற்பம் என்று நாம் எண்ணிய பூவேலையை அருகில் சென்று நோக்கினோம். தட்டையான சுவரில் ஒளியும் நிழலுமாக வரைந்தது! இந்தக் கைத்திறனில் மொஸ்கேனிக்குக் குறையேயில்லை. முகங்களைப் பற்றி அப்படிச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலியப் பக்திப் படங்களின் இனிமை அவற்றில் சற்று மிகுதி. மாலை ஏந்திய வானதூதர்களுள் ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறிவது கடினம்.

நம்மை உண்மையிலேயே உறுத்திய கேள்வி வேறு. நடுக்கூரையில் விரிவது ஞானப்பிரகாசியாரின் வாழ்வு. காஸ்திலியோனே குறுநிலத்தின் மூத்த மகன். புனித சார்லஸ் பொரோமியோவின் கையால் புதுநன்மை வாங்கியவர். 1585இல் ஆட்சியுரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தவர். பட்டும் பொன்னும் வேண்டாமென்று போனவரின் கதையைப் பட்டாகவும் பொன்னாகவும் ஒளிரும் வண்ணத்தில் சொல்லலாமா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுக் கலையில் வெறும் ஆடம்பரத்தைத் தவிர்க்கச் சொன்னதை அறிந்த நமக்கு இக்கேள்வி எழாமல் இராது.

அதற்கு விடை அதே கூரையில்தான் இருக்கிறது. உரோமையில் கொள்ளைநோய் கண்டவர்களுக்கு அவர் பணிசெய்யும் காட்சி அது. அப்பணியில் நோய் தொற்றி, 1591 ஜூன் 21 அன்று, இருபத்து மூன்றாம் வயதில் அவர் இறந்தார். இக்காட்சியைத் தீட்டிய காலத்தையும் சேர்த்து எண்ணவேண்டும். 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக், அடுத்த சில ஆண்டுகளில் இந்நாட்டில் இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்டது. ஓவியர் அதை மனத்தில் வைத்துத்தான் தீட்டினாரா என்று நாம் துருவவேண்டியதில்லை. அன்று அண்ணாந்து பார்த்த மாணவனுக்குக் கொள்ளைநோய் பழங்கதை அன்று. 2020ஐக் கடந்துவந்த நமக்கும் அன்று. நோயாளியைத் தொட அஞ்சி ஒதுங்கிய நாள்களை நாம் மறந்துவிடவில்லையே. அரண்மனைக்குரிய அதே வண்ணங்களை நோயாளியின் படுக்கைக்கும் குறையாமல் வழங்கியிருக்கிறார் மொஸ்கேனி. இவ்விடத்தில் அலங்காரம் ஆடம்பரமாக நமக்குத் தோன்றவில்லை; நோயாளிக்குச் செய்யும் மரியாதையாகவே தோன்றிற்று.

இவ்வோவியங்கள் 1990களின் தொடக்கத்தில் வல்லுநர்களால் சீரமைக்கப்பட்டன. நம் பங்குகளில் நடப்பதோ வேறு. திருவிழா நெருங்கினால் பழைய மரப்பீடத்தைப் பெயர்த்து விறகுக்குப் போடுகிறோம். முன்னோர் வரைந்த சுவர்மேல் பளபளக்கும் ஓடு பதிக்கிறோம். பலவண்ண மின்விளக்கை ஓடவிடுகிறோம். கலைமதிப்புள்ள பொருள்கள் கைநழுவிப் போகாமல் காக்கும் கடமையை அதே சங்கம் ஆயர்கள்மேல் சுமத்தியிருக்கிறது. சுத்தியலை எடுக்குமுன் மறைமாவட்டத்தாரிடம் ஒரு சொல் கேட்பது பங்குப்பேரவைக்குப் பெரிய சுமையன்று.

மொஸ்கேனி மங்களூருக்குப் பின் கொச்சியின் சாந்தா குரூஸ் ஆலயத்தில் தீட்டினார். 1905 நவம்பரில் அங்கேயே இறந்தார். அவ்வாலயத்தின் அர்ச்சிப்பு அதே மாதத்தில், அவர் இறந்த சில நாள்களுக்குள் நடந்தது. மங்களூர் செல்லும் அன்பர்கள் இயன்றால் கொச்சிக்கும் செல்லட்டும்.