நாளங்காடிச் சோலையில் யாருக்கு இடம்?

போன மாதம் சென்னையில் கட்டடக்கலை மாணவர்கள் வைத்திருந்த ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். நண்பர் கூப்பிட்டார், போனேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு கொத்தனாரோ சித்தாளோ உண்டு. நகரத்தில் பாதியை அவர்கள் கட்டியிருக்கிறார்கள், ஆனால் வரைபடம் போட்டவர் ஒருத்தரும் கிடையாது. அதனாலேயோ என்னவோ, ஒரு படத்தின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன். தி.நகரில் இருக்கிற பெரிய கடை ஒன்றைப் பசுமைவெளியோடு மாற்றியமைப்பது பற்றிய திட்டம் அது. கடையின் பெயர் போடவில்லை.

படம் நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. தி.நகர்க் கடைகள் பெரும்பாலும் மூடிய பெட்டிகள். உள்ளே குளிர், வெளியே தெருவில் நடக்கிறவன் முகத்தில் அந்தக் குளிர்சாதனம் கக்குகிற சூடு. இந்தப் பிள்ளைகள் அந்தப் பெட்டியை வெட்டித் திறந்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் பாதியை எடுத்துவிட்டு இரண்டு தெருவையும் இணைக்கிற தோட்டவழி. மாடிகள் படிப்படியாகப் பின்னுக்குப் போகின்றன. ஒவ்வொரு படியிலும் செடி, மேலே மொட்டைமாடியில் புல்வெளி. புங்கமும் வேம்பும் வைத்திருக்கிறார்கள், வெளிநாட்டுப் பனைமரம் வைக்கவில்லை. அதற்கே ஒரு வணக்கம் போடலாம்.

ஆனால் தமிழ் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைக் கண்டாலும் பிரதியாக வாசிப்பான். தொல்காப்பியர் நிலத்துக்குக் கருப்பொருள் சொல்லும்போது மரம், புள், பறை என்று அடுக்குவார். அந்த நிலத்தில் மக்கள் செய்கிற தொழிலையும் சேர்த்தே சொல்வார். இந்தப் படத்தில் மரம் உண்டு, புள்ளும் உண்டு, இரண்டு கிளி பறக்கிறது. தொழிலைத்தான் காணோம். படத்தில் இருந்த மனித உருவங்களை எண்ணினேன். நாற்பத்தேழு பேர். பை தூக்கினவர்கள், பலூன் பிடித்த குழந்தை, நாயோடு ஒருத்தர், மடிக்கணினியோடு ஒரு பெண். துடைப்பம் பிடித்தவர் ஒருத்தரும் இல்லை. சீருடை போட்ட விற்பனைப்பெண் இல்லை. பூக்காரி இல்லை. இத்தனை செடிக்கு யார் தண்ணி ஊத்துறது? நாற்பத்தேழு பேரில் ஒருத்தன் கையிலும் மண் ஒட்டவில்லை.

சோலைக்குள் கடை என்பது நமக்குப் புதுசும் இல்லை. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையைப் பாருங்கள். புகாரில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவில் நாளங்காடி. அடர்ந்த மரச்சோலை. மரத்தையே கடைக்குக் காலாக வைத்து, வாங்குகிறவர் சத்தமும் விற்கிறவர் சத்தமுமாக இருக்கிற இடம். மருவூர்ப்பாக்கத்தில் மீன் விற்கிறவர், உப்பு விற்கிறவர், கள் விற்கிறவள், தோல் தைக்கிறவர் என்று உழைக்கிற சனமெல்லாம் இருக்கிறது. பட்டினப்பாக்கத்தில் அரசவீதி, அந்தணர், வணிகர், வேளாளர். ஊர் அப்போதே இரண்டாகக் கிடக்கிறது, நாளங்காடி நடுவில் நிற்கிறது. வகுப்பில் நாளங்காடியின் அழகைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். தோல் தைக்கிறவர் அந்தச் சோலை நிழலில் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்று யாரும் கேட்கவில்லை, நானும் அப்போது கேட்கவில்லை. அங்கேயும் ஒரு காவற்பூதம் நிற்கிறது என்பதை மட்டும் இளங்கோ மறைக்கவில்லை. இன்றைக்கு அந்தப் பூதத்துக்கு நீலச் சட்டை, கையில் ஒரு கருவி. பூதத்துக்கும் மாதச் சம்பளம் பத்தாமல்தான் இருக்கும், அது வேறு கதை.

தி.நகர் என்கிற நிலத்தையும் பார்க்க வேண்டும். 1920-களில் மாம்பலம் ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்து எழுப்பிய ஊர் இது. ஊருக்குத் தியாகராயர் பெயர், பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர், இரண்டும் நீதிக்கட்சிப் பெயர்கள். அதே பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தபோதுதான், 1924-இல், இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, கிணறு, குளம், பொது இடம் எதிலும் யாரையும் தடுக்கக்கூடாது என்று. தெருவில் நடப்பதற்குத் தீர்மானம் போடவேண்டியிருந்த காலத்தில் ஒரு புது நகரம் பூங்காவோடு திட்டமிடப்படுகிறது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதின நகர வரலாறு என் கண்ணில் படவில்லை. புளியந்தோப்புக் கலவரத்துக்குப் பிறகு எம்.சி. ராஜா 1923-இல் நீதிக்கட்சியை விட்டு வெளியேறினதும் இந்தப் பக்கத்தில்தான் சேரவேண்டும்.

படத்துக்கு வருவோம். திட்டக்குறிப்பு இந்தப் பசுமைவெளியைக் கடை நகரத்துக்குக் கொடுக்கிற பரிசு என்கிற தொனியில் பேசுகிறது. எனக்கு ஆகாதது இதுதான். மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. 10,000 வரைக்கும் நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்டித் தப்பிக்கலாம், அதற்கு மேலே போனால் நிலமாகவே கொடுக்கணும். கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய இடத்துக்குத் தனி விதி இருக்கிறது. தி.நகர்க் கடைகள் அதை எப்படி மதித்தன என்பது ஊருக்கே தெரியும். 2011 அக்டோபர் கடைசியில் விதிமீறலுக்காக அங்கே பல கடைகளுக்குச் சீல் வைத்தார்கள், பொங்கல் வியாபாரத்துக்கு முன்னால் உச்சநீதிமன்றம் வரை போய்த் திறந்தார்கள். 2008-இல் ஒரு பெருங்கடைத் தீயில் இரண்டு ஊழியர்கள் செத்தார்கள். 2017 மே மாதம் இன்னொரு கடை எரிந்து கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. சுற்றிலும் விடவேண்டிய இடம் தீயணைப்பு வண்டி வருவதற்கான இடமும்தான். விழுங்கின நிலத்தைத் திருப்பி வைத்து அதன்மேல் ரெண்டு புங்கமரம் நட்டால் அதுக்குப் பேரு பரிசா?

2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கி இருக்கைகள் போட்டுத் திறந்தார்கள். நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஏன் உட்கார்ந்தாய் என்று யாரும் கேட்கவில்லை, அது நல்ல விஷயம். ஆனால் அதே தெருவில் காலகாலமாகக் கடை விரித்தவர்களை 2013-இலேயே அடுக்குமாடி வளாகத்துக்குள் ஏற்றிவிட்டிருந்தார்கள். நடைபாதை அகலமானதன் கதை அங்கிருந்தே ஆரம்பிக்கிறது.

அந்தத் தெருவுக்காவது மாநகராட்சியைக் கேட்கலாம். கடையின் மொட்டைமாடிக்கு யாரைக் கேட்பது? அரசியல் சட்டம் 15(2) பாகுபாடு கூடாத இடங்களை அடுக்கும்போது முதல் சொல்லே கடை. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் அந்தச் சொல்லைப் பற்றிக் கேள்வி வந்தபோது, சேவை தருகிற எவருடைய இடமும் அதில் அடங்கும் என்று அம்பேத்கர் விரித்துப் பொருள் சொன்னார். கடைக்குள் பொருள் வாங்கப் போகிறவனுக்கு அது காப்பு. பூங்காக்களுக்கு இரண்டாவது பகுதி இருக்கிறது, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படுகிற அல்லது பொதுமக்களுக்கென்று ஒப்படைக்கப்பட்ட இடங்கள் என்று. கடைக்காரர் தன் கூரைமேல் வைத்த புல்வெளி இதில் எது? வரைபடத்தில் பொது என்று எழுதினால் பொது ஆகிவிடாது, ஒப்படைத்ததற்குப் பத்திரம் வேண்டும். இன்றைக்குக் காவலாளி சாதி கேட்பதில்லை. லுங்கியைப் பார்க்கிறான், செருப்பைப் பார்க்கிறான், தோளில் சாக்கு இருந்தால் அவ்வளவுதான். கேட்காமலே சாதி தெரிந்துவிடுகிறது.

டோக்கியோவில் ஷிபுயாவில் மியாஷிடா பூங்கா என்று ஒன்று இருக்கிறது. வீடில்லாதவர்கள் கூடாரம் போட்டுத் தங்கின இடம். 2010-இலும் 2017-இலும் மூடி அவர்களை அப்புறப்படுத்தினார்கள். 2020-இல் கீழே வணிக வளாகம், கூரைமேல் பூங்கா என்று திறந்தார்கள், இரவில் பூட்டுகிறார்கள். பூங்கா அளவில் குறைந்துவிடவில்லை, கடைக்கு மேலே ஏறிக்கொண்டது. நம் மாணவர்கள் இந்த மாதிரியான கட்டடங்களைத்தான் பார்த்துப் படிக்கிறார்கள். கூடாரக்காரர்கள் எங்கே போனார்கள் என்பது அந்தப் படங்களில் வராது.

படத்தைக் கைப்பேசியில் எடுத்து வந்து அக்காவிடம் காட்டினேன். அக்கா நான்கு வருஷம் அப்படி ஒரு கடையில் புடவைப் பிரிவில் நின்றவள். கடையின் பெயர் வேண்டாம். காலையில் ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி பத்து வரை. சாய்ந்தால் அபராதம். சாப்பாடு பின்பக்கப் படிக்கட்டில். உட்காரணும்னா கக்கூசுக்குப் போகணும், அங்கயும் அஞ்சு நிமிஷம்தான் என்பாள். காலில் நரம்பு சுருண்டு புடைத்ததோடு வேலையை விட்டாள். 2010-இல் ‘அங்காடித் தெரு’ படம் வந்தபோது பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள், அழுவதற்காக இல்லை, கால் வலிக்குது என்றாள். கோழிக்கோட்டில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி, கேரளம் 2018-இல் இருக்கை உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டில் 2021-இல் வந்தது. சட்டம் வந்தபிறகு கடைகளில் ஸ்டூல் வந்திருக்கிறது. உட்கார்ந்தவர்களைத் தேடிப் பார்க்கணும்.

அக்கா படத்தை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள். மாடித் தோட்டம் நல்லா இருக்கு என்றாள். அப்புறம், “இதுல வேலை செய்யுற பொண்ணுங்க எந்த வழியா மேல வருவாங்க?” என்றாள். நான் பார்த்தேன். தோட்டத்துக்குப் போகிற மின்தூக்கி முன்வாசலில் இருக்கிறது. ஊழியர் வாசல் பின்சந்தில், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில். அந்த வாசலிலிருந்து மேலே போக வழி போடவில்லை. ஊழியர் கழிப்பறை எந்தத் தளத்தில் என்றும் போடவில்லை.

அந்தப் படம் போட்ட மாணவியின் மின்னஞ்சலை நண்பரிடம் வாங்கி இந்தக் கேள்விகளை அனுப்பினேன். அக்கா கேட்டதை முதலில் எழுதினேன், ஒப்படைப்புப் பத்திரத்தை இரண்டாவதாக. மூன்று நாளில் பதில் வந்தது. கழிப்பறை யாருக்கும் ஞாபகம் வரவில்லை, ஆசிரியர்களும் கேட்கவில்லை என்று நேர்மையாக எழுதியிருந்தாள். அக்காவைப் பார்த்துப் பேசலாமா என்று கேட்டிருக்கிறாள். அக்கா ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள், அன்றைக்குத்தான் இப்போது செய்கிற வேலைக்கு லீவு.